எழுபத்திரண்டு மணி

வியாழன் மதியம் போட்ட வெல்டு.
நாங்குநேரிக்கு மேற்கே, காற்றாலை வரிசை முடிகிற இடத்தில்
பள்ளத்துக்குள் குனிந்து
மைதீன் பிச்சை ராடைத் தொட்டபோது
ஐப்பசித் தூறல்.
தார்ப்பாயை நாலு பேர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அன்று மாலையே எக்ஸ்ரே.
படத்தில் ஒரு கீறல் இல்லை.
ஒப்பந்தக்காரர் ஜெயசிங் பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.
"இரும்பு என்ன பிள்ள பெத்தவளா மேடம்,
மூணு நா பாத்துக்கிட்டுக் கெடக்க?"
ஆமாம் என்றேன்.
பேனாவை வாங்கித் தேதியை மட்டும் எழுதினேன்.

ஹைட்ரஜனுக்கு அவசரம் கிடையாது.
உருகிய இரும்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
இரும்பு ஆறும், சுருங்கும்,
எல்லோரும் சாமானைக் கட்டிக்கொண்டு வள்ளியூர் பஸ் ஏறுவார்கள்.
பிறகுதான் அது நடக்கத் தொடங்கும்,
எங்கே இறுக்கமோ அங்கே.
வெள்ளி இரவோ சனி விடியலோ
ஆளில்லாத கிடங்கில்
டக் என்று ஒரு சத்தம்,
பல்லி சொன்னதுபோல.

கங்கைகொண்டான் ஆய்வுக்கூடத்தில்
அதே ராடு போட்ட ஒரு துண்டைக் கிளிசரினுக்குள் இறக்கியிருந்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு விளிம்பில், கடுகில் பாதி, ஒரு குமிழ்
ஒட்டிக்கொண்டு
யோசித்து
விட்டுவிட்டு மேலே போனது.
சனிக்கிழமைக்குள் நூறு கிராமுக்குப் பதினொரு மில்லி.
எங்கள் படிவத்தில் ஐந்துக்கு மேல் சிவப்பு மை.

ஞாயிறு மதியம் சோதனைத் தகட்டை ஐந்தாய் அறுத்தேன்.
முதல் இரண்டும் சுத்தம்.
மூன்றாவதைத் தேய்த்து, மெருகேற்றி, அமிலம் தடவி
விளக்கடியில் பிடித்தால்
வெல்டின் கால்மாட்டில் தலைமுடி ஒன்று.
ஊதினேன்.
போகவில்லை.

ஈரம் எங்கிருந்து வந்தது?
தார்ப்பாய் ஒழுகவில்லை.
குழாய் நூற்றுப்பத்து டிகிரி தொட்டதற்கு
சூட்டுக்கட்டி உருகிய தடம் இருக்கிறது.
ராடு புதுக்கட்டு, என் கண் முன்னால் பிரித்தது.
முந்நூற்றைம்பதில் இரண்டு மணி நேரம் சுட்டு
சின்ன ஓவனுக்கு மாற்றியதும் நான்தான்.

சின்ன ஓவன்.

பிட்டர் பிரமநாயகம் தங்கைக்குக் கலியாணம் முடிந்து
மறுவீட்டுச் சொதி தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தான்.
"ஆறிப்போச்சு மேடம், சூடு பண்ண வழியில்லையே."
கதவைத் திறந்தவள் நான்.
ராடுகளுக்கு மேலே அதை வைத்தவள் நான்.
மூடி பொருந்தாத வாளி.
முக்கால் மணி நேரம்.
தேங்காய்ப்பால் பொங்கி விளிம்பில் வழிந்தது,
கைக்குட்டையால் துடைத்தேன்.
இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு
மைதீன் பிச்சை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.
"ஆவி பறக்குல்லா!" என்று சிரித்தார்.

ஜெயசிங் போனில்:
"மைதீன் கைதான் சரியில்ல, அப்படியே எழுதிருங்க.
அட்டையப் புடுங்கிட்டு வேற ஆளப் போட்டுருவோம்."

படிவத்தில் ஒரு கட்டம், ஈரம் வந்த வழி.
தீப்பெட்டிச் சீட்டு அளவுதான் இருக்கும்.
சொதி, என்று எழுதினேன்.
அது கிண்டல்போலத் தெரிந்ததால்
கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் ஏறி, பின்பக்கம் திருப்பி
மணி, நிமிடம், வாளி, மூடி,
கோ. உலகநாயகி.

அந்த ஓவனிலிருந்து போட்டது இன்னும் ஆறு வெல்டு
மண்ணுக்குள் இருக்கிறது.
நாளை தோண்டவேண்டும்.
மைதீன் பிச்சையைக் கூப்பிட்டேன்.
"வெல்டு எப்படி இருக்கு மேடம்?" என்றார்,
சாப்பிட்டீங்களா என்பதுபோல.