இருபத்தெட்டு

கும்மிடிப்பூண்டி முகாமில் போட்ட பிக்மி எண்,
பன்னிரண்டு இலக்கம், மனப்பாடம்.
"அது இஞ்ச செல்லாது, தங்கச்சி"
என்றாள் மிட்வைஃப் சுகந்தினி,
ஸ்கூட்டியின் சீட்டைத் துடைத்தபடி.

உப்புவெளியில் எனக்கு இன்னும்
விதானையார் கடிதம் கிடைக்கவில்லை.
வயிறு இருக்கு, அது போதுமாம்.
கிளினிக் செவ்வாய். திரிபோஷா இரண்டு பைக்கற்.
பேறு பெரியாஸ்பத்திரியில், காசில்லை.
பிரைவேட்டும் இருக்கு, விசாரிக்கலாம்,
"ஆனா ராவில ஏதும் சிக்கலெண்டா
அவையும் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவினம்."

"மாசமா இருக்கேன்" என்றால்
வரிசையில் சிரிக்கிறார்கள்.
இங்கே நான் பிள்ளைத்தாச்சி.

கடைசித் தீட்டு? முகாமில்.
பிறந்த இடம்? முகாமில்.
பிள்ளையின் தகப்பன்?
எக்ஸிட் பெர்மிட்டுக்காக
கலெக்டர் ஆபீஸ் வாசலில்.
அவன் பெயரை மட்டும்
பென்சிலால் எழுதினாள்.

பிறகு டேப்பை இழுத்து வயிற்றில் வைத்தாள்.
இருபத்தெட்டு வாரம்,
இருபத்தெட்டு சென்டிமீட்டர்.
விமானம் ஏறி வந்தும்
ஒன்றுகூடக் குறையவில்லை.

வெளியே ஆஸ்பத்திரி மதிலோரம்
ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த ஸ்கேன் கவரை
மென்றுகொண்டிருந்தது.
போனில் சொன்னேன்:
"மான் நிக்குதுடா இங்க, ரோட்டுல!"
"டாக்டர் இருக்காங்களா?" என்றான்.