வலை இல்லாத வளையம்

பந்தயம் கட்டியது நான்தான்.
காட்பாடி ரயில்வே காலனி மைதானம்,
ஞாயிறு காலை ஐந்தே முக்கால்.
ஷூவுக்கு முடிச்சுப் போடுகிற நேரத்தில்
வாய் சும்மா இருக்கவில்லை.
"தூரத்துலேர்ந்து ஆளுக்கு இருபது பந்து.
கம்மியா போட்டவங்க
வலை வாங்கித் தரணும்."

அமலோற்பவம் நிமிரவில்லை.
டயாலிசிஸ் வார்டில் ராத்திரி முழுக்க நின்ற
கெண்டைக்காலை நீவிக்கொண்டே
"சரி" என்றார்.

எங்கள் வளையத்துக்கு வலை கிடையாது.
ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு போனது.
வெறும் இரும்பு வட்டம்.
அதற்குள் தெரியும்
ஒரு துண்டு மொட்டைப் பாறை,
கொஞ்சம் வானம்.

கோடும் அழிந்திருந்தது.
ஜாக்கெட் தைக்கும் கோதண்டம்
கழுத்தில் டேப்போடுதான் வந்திருந்தான்.
வளையத்துக்கு நேர் கீழேயிருந்து
நாலு முழு டேப், அப்புறம் இருபத்தாறு அங்குலம்.
தையலுக்கென்று ஓர் அங்குலம் கூட விட்டான்,
பழக்கதோஷம்.
செங்கல் துண்டால் வளைவாகக் கிழித்தோம்.

விதி ஒன்றை நானே சேர்த்தேன்:
ரயில் போகும்போது போட்டது
கணக்கில் வராது.

அவர் இரண்டு கையாலும்
நெஞ்சிலிருந்து தள்ளுவார்,
சோற்றுப்பானையை இறக்கி வைப்பதுபோல.
பார்க்க அழகில்லை.
இருபதுக்குப் பதினொன்று.

நான் ஒற்றைக் கை.
மணிக்கட்டை மடக்கி, விரலை விரித்து,
பந்து போன பிறகும்
கையை மேலேயே நிறுத்தி வைப்பேன்.
பார்க்க ரொம்ப அழகு.
பத்தொன்பதுக்குப் பத்து.

கடைசிப் பந்தை எடுத்து நின்றேன்.
அரக்கோணம் பக்கமிருந்து
வந்தது கூட்ஸ்.

"போட்டுடுபா, பரவால்ல" என்றான் நூருல்லா.
விதி என்னுடையது.
நின்றேன்.
நிலக்கரிப் பெட்டி, நிலக்கரிப் பெட்டி,
எண்ண ஆரம்பித்து
முப்பத்தி நாலில் விட்டுவிட்டேன்.
தோள் ஆறியது.
உள்ளங்கை வியர்த்தது.
ஆறரை மணிக்கே வெயில்
பிடரியில் கை வைத்து அழுத்தியது.
பந்து கனத்துக்கொண்டே போனது,
பிடித்துக்கொள்ளச் சொல்லி யாரோ கொடுத்துவிட்டு
காணாமல் போன குழந்தையைப்போல.

கார்டு பெட்டி கடந்தது.
போட்டேன்.

பலகையில் படவில்லை. வளையத்தில் படவில்லை.
சத்தமே இல்லை.
வலை இல்லாத வளையத்தில்
சுத்தமாக விழுந்ததும்
சுத்தமாகத் தவறியதும்
ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"உள்ள தாம்பா!" நூருல்லா.
"பக்கத்தால போச்சு. எங்கண்ணு இன்னா புண்ணா?" கோதண்டம்.
எல்லோரும் அமலோற்பவத்தைப் பார்த்தோம்.
அவர் செருப்பைத் தேடிக்கொண்டே
"உள்ள" என்றார்.
"சரிக்குச் சமம். ஆளுக்குப் பாதிக் காசு."

நான் பேட்டரி கடைக்காரன்.
தூக்கும்போதே
தண்ணி வற்றியதா என்று சொல்கிற கை இது.
பந்து விரலை விட்டபோதே
அதற்குத் தெரியும்.
வாயிடம் மட்டும் சொல்லவில்லை.

புதன்கிழமை லாங் பஜாருக்குப் போனேன்.
நைலான் வலை, நூற்று எண்பது.
பேரம் பேசவில்லை.
அது எனக்கே விசித்திரமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு
நூருல்லாவின் குட்டியானை மேல் ஏறி
பன்னிரண்டு கொக்கியிலும் மாட்டினேன்.
கீழே அமலோற்பவம்
தொண்ணூறு ரூபாயை நீட்டினார்.
"வேணாங்க."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
"வெளியதானே போச்சு?"
தலையாட்டினேன்.
"தெரியும்."
"அப்ப ஏன் உள்ளன்னு சொன்னீங்க?"
"பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்திருந்தேன்.
நீங்க மூணு பேரும் சண்டை போட்டு முடிக்க
மத்தியானம் ஆயிருக்கும்."

பணத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு
பந்தை வாங்கினார்.
செங்கல் கோடு இன்னும் லேசாக இருந்தது.
இரண்டு கையாலும் ஒரு தள்ளு.

புது வலை. கீழ்வாய் இறுக்கம்.
போன பந்து
கீழே வரவே இல்லை.
வயிறு புடைத்து
அங்கேயே தொங்கியது.

நாலு பேரும் அண்ணாந்து நின்றோம்.
கோதண்டம்
கண்ணைச் சுருக்கி, பக்கவாட்டில் நடந்து,
திரும்பி வந்து சொன்னான்:
"இது உள்ள."

கழி தேட
நூருல்லா போனான்.