நாலு பன்னிரண்டு

ஓல்டன் நிலையத்துக்குப் பின்னால்
இரண்டாம் மாடி, வாடகை மணிக்கணக்கில்.
ரயில் போகும்போதெல்லாம்
மேசையில் தண்ணீர் கொஞ்சம் நடுங்கும்.

குகதாசன் நேரத்துக்கு வருவார்.
துப்புரவு நிறுவனம், பதினாலு பேர்.
இந்த வருஷம் ஐந்து பேர் விட்டுப் போனார்கள்.
காரணங்களை எக்செல்லில் போட்டு
நிறம் தீட்டிக் கொண்டுவந்திருந்தார்:
சோம்பல், மஞ்சள். நன்றிகேடு, சிவப்பு.
தனக்கென்று ஒரு நிறம் அதில் இல்லை.

மூன்று அமர்வுகள்
நானும் தலையாட்டினேன்.
"அப்படியோ", "கஷ்டம்தான்" என்றேன்.
அவர் காசு பிந்தாமல் கட்டுகிறவர்.
என் குறிப்பேட்டில் இது இல்லை.

நாலாவது நாள் கேட்டேன்:
விட்டுப் போன மிலேனாவுக்குக்
கடைசியாய் என்ன அனுப்பினீங்கள்?
"வொய்ஸ்தான். எழுத எங்க நேரம்."
போடுங்கோ, கேட்பம்.

விடிய நாலு பன்னிரண்டு.
ஒரு ஆள் டொச்சில் கத்துகிறான்.
வேலை விபரமெல்லாம் உடைந்த சொற்கள்,
ஏச்சு மட்டும் இலக்கணப் பிழையில்லாமல்.
பின்னால் எங்கோ வாளி உருளும் சத்தம்.
நாற்பத்தேழு விநாடி.

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
வேறு யாருடையதோ என்பதுபோல.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
குரலும்தான் போல.

டிஷ்யூப் பெட்டியைத் தள்ளிக்கொடுக்கக்
கை போனது. இழுத்துக்கொண்டேன்.
கொடுத்தால், "போதும், நிறுத்துங்கோ"
என்று மரியாதையாய்ச் சொன்னதாகிவிடும்.
பேர்ண் ரயில் போனது.
பாசல் ரயில் போனது.

"இது என்ர குரல் இல்லை," என்றார்.
"ஆம்ரைன்ர குரல்."
தொண்ணூற்றொன்று. லுட்சேர்ன். ஹோட்டல் குசினி.
தட்டுக் கழுவிக்கொண்டு நின்றவர்மீது
முதலாளி எறிந்த கரண்டி.
சேர்ட்டை மடித்து
முழங்கைத் தழும்பைக் காட்டினார்.

இந்த இடத்தில் எனக்கு இளகிவிடும்.
"பாவம்" என்று ஒரு சொல் போதும்,
இரண்டு பேருமே தப்பிவிடலாம்,
நேரமும் சரியாய் முடிந்துவிடும்.

"கரண்டி அவருடையது," என்றேன்.
"நாலு பன்னிரண்டு?"

கோபம் வந்தது. ஜாக்கெட்டை எடுத்தார்.
ஒரு கையை மட்டும் நுழைத்து
மற்றக் கை தொங்க நின்றார்.
பிறகு அப்படியே இருந்து
எக்செல்லைத் திறந்து
ஒரு வரிசை சேர்த்தார்.
பேர் எழுதவில்லை. நிறமும் போடவில்லை.

அடுத்த கிழமை வருவாரோ தெரியாது.
எப்போதும் வங்கியால் அனுப்புகிறவர்
நூற்றி நாற்பது பிராங்கையும்
மேசையில் எண்ணி வைத்துப் போனார்,
கணக்கு முடிக்கிற மாதிரி.

அவருக்கு ஊற்றிய தண்ணீர்
அப்படியே இருந்தது.
நான் குடித்தேன்.