ஒன்பது கிலோ காற்று

ஜாக்கில் ஏற்றிய விமானத்தின் சக்கரம்
பதினொரு தடவை உள்ளே போனது.
பதினொரு தடவையும்
இடப்பக்கக் கதவு ஒழுங்காக மூடியது.

மேலே போனால் மட்டும் மூடுவதில்லையாம்.
சிவப்பு விளக்கு அணையாமலே
பொல்கொடை ஏரிக்கு மேலால் திரும்பி வந்ததாக
கப்டன் ஜயமான்ன எழுதியிருக்கிறார்,
தாள் கிழிய.

இரத்மலானையில் பின்னேர மழை.
தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலால்
ஷிஃபானா கத்துகிறாள், கொக்பிட்டிலிருந்து:
"இன்னொருக்கால் போடட்டா?"

பொறு.
இங்கே இல்லாத ஒன்று
அங்கே இருக்கிறது.

கதவின் விளிம்பில் கொக்கித் தராசை மாட்டி
தள்ளி நின்று கயிற்றை இழுத்தேன்.
முள் ஒன்பது கிலோவில் நடுங்கியது.
ஒன்பது கிலோ காற்று, என் கணக்கில்.
"இப்ப போடு."

மூடினாற்போல் மூடி
சுண்டுவிரல் நுழைய இடம் விட்டது கதவு.

பிணைச்சல் ஊசியைக் கழற்றினால்
நொண்டி நடப்பவரின் செருப்பைப்போல
ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது.

பதிவேட்டில் எழுதினேன்:
ஊசி மாற்றப்பட்டது. புஷ் மாற்றப்பட்டது.
காற்றுக்கு அதில் நிரல் இல்லை.

கிறீஸ் போகக் கை கழுவும்போது கேட்டாள்,
"தராசு ஆருடையது அக்கா?
மீன் மணக்குது."

கல்கிசைச் சந்தையில் இரவல் வாங்கியது.
ஆறு மணிக்குள் கொடுக்க வேணும்.