இருபத்திரண்டு சுற்று

கொணவட்டம் பாடி பட்டறையில்
ரஹ்மத்துல்லா வேனைத் தட்டிக் காட்டினார்:
"கூரை அறுபது கிலோதாம்மா.
கைப்பிடியைச் சுத்தினா தானா எழும்பும்.
இருபத்திரண்டு சுத்து."

அறுபது கிலோ எனக்குப் புதிதில்லை.
எலும்பு வார்டில் முப்பத்தொரு வருஷம்
அறுபது கிலோக்களைப் புரட்டிப் படுக்கவைத்தவள்.
புதிதாக வரும் பெண்களிடம் சொல்வேன்,
முதுகால் தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு.
இன்றைக்கு முட்டியே ஒரு நோயாளி.
எழுந்திருக்கும்போதெல்லாம் என்னிடம் புகார் சொல்கிறது.

வள்ளிமலைப் பக்கம் ஒரு புளியமரம்.
நிழலைப் பார்த்து நிறுத்திவிட்டார் சற்குணம்.
நான் இறங்கி அண்ணாந்து பார்த்தேன்.
கூரை எழும்பினால் இடிக்கும் உயரத்தில் ஒரு கிளை.
கிளைக்கு அப்பால் கரண்ட் கம்பி.
"இன்னும் பத்தடி முன்னால."
"வெயில்."
"இருக்கட்டும்."

ஹேண்ட் பிரேக். சக்கரத்துக்குக் கல்.
நாலு மூலைக்கும் நாலு கால்.
பிறகு கொக்கிகள்,
அவர் எப்போதும் மறப்பது பின்னால் இடது.
அதை மறந்து சுற்றினால்
ஒரு பக்கம் மட்டும் எழுந்து
வாதம் வந்த முகம்போல் கோணும் கூரை.

சித்திரை மாத இரும்பு.
கைப்பிடியில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொள்கிறோம்.
ஏழு வரை நான்.
பதினாலு வரை அவர்.
அங்கே ஒரு நிறுத்தம்,
மூச்சு வாங்குவதை ஒப்புக்கொள்ளாமல்
தூரத்து மலையைப் பார்ப்பார்.
நானும் பார்ப்பேன்.
மீதி எட்டு, யாருக்கு முடிகிறதோ அவருக்கு.
தாங்கு கம்பியில் முள் ஏறி
'டக்' என்று கேட்கும்வரை
இருவரும் உள்ளே தலை நுழைப்பதில்லை.

மகள் ஓசூரிலிருந்து சொல்கிறாள்,
வண்டியை வித்துட்டு ரூம் போட்டுக்கோங்க.
ரூமில் கூரை ஏற்கெனவே மேலே இருக்கிறது.
அதில் நாங்கள் செய்ய என்ன இருக்கிறது?

ஆனால் அமிர்தியில் நடந்ததை
அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை.

விடிகாலை. மழை இருட்டிக்கொண்டு வந்தது.
நான் ஓடைப் பக்கம் போயிருந்தேன்.
என் தோளுக்கு வேலை வேண்டாமென்று
தனியாகவே இறக்கப் பார்த்திருக்கிறார்.
முள்ளை எடுத்தவர்
கைப்பிடியைப் பிடிக்கவில்லை.
காட்பாடி யார்டில் வேகன்களைப் பூட்டிக் கழற்றிய கை,
எந்த இரும்பும் தன்னைக் கேட்டுத்தான் நகரும் என்று
இன்னமும் நம்புகிற கை.

சத்தம் கேட்டு ஓடி வந்தேன்,
ஓட முடிந்த அளவுக்கு.
கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று மணிக்கட்டில் அடித்திருந்தது.
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்கிறவர்,
முழங்கை வரை நாவல்பழ நிறம்.
விளிம்பில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்
தட்டையாகி
தோசைக் கரண்டி மாதிரி கிடந்தது.
அவர் விரல்கள் இருந்தது
அதற்கு ஒரு சாண் தள்ளி.

கணியம்பாடி வரை பேசவில்லை.
டீக்கடையில் நிறுத்தி,
இடது கையால் கிளாசைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:
"உன்னைக் கூப்பிட்டிருக்கணும்."
கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில்
அந்த வாக்கியம் அன்றைக்குத்தான் வந்தது.
நான் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு ஏற்றுவதைவிட
இறக்குவதற்கு அதிக நேரம்.
நான் கைப்பிடியில், அவர் எதிர்ப்பக்கம்.
துணி மடிப்பு உள்ளே போய்விட்டதா,
போர்வை நுனி, கண்ணாடி, சாவி?
கடைசியில் நான் கேட்பேன்:
"கை?"
"ரெண்டும்."
"காட்டுங்க."

போலீசைப் பார்த்த திருடன்போல்
இரண்டு கையையும் உயர்த்தி
வெயிலில் நிற்பார் எழுபத்துநாலு வயது மனிதர்.
பக்கத்தில் ஆடு மேய்க்கும் பையன் ஒருநாள்
வேலியைப் பிடித்துச் சிரித்தான்.
அவர் கையை இறக்கவில்லை.
நான் சுற்றிக்கொண்டிருந்தேன்,
இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது...

டம்ளரைத் தூக்கிப்போடவில்லை.
தரை சரியில்லாத இடங்களில்
பின் இடது காலுக்கு அடியில் அதை வைக்கிறோம்.
அளவு சரியாக இருக்கிறது.