இருட்டு மாதத்துக் கன்னம்

வார்தோ துறைமுகத்தில்
சூரியன் லீவில் போய் நாற்பது நாள்.
ஐந்தரை மணி. கடிகாரத்தைத் தவிர
எதுவும் அதைக் காலை என்று சொல்லவில்லை.

தூரித் பிரான்சர் டப்பியைத் திறக்கிறாள்.
தூரிகையை ஒருமுறை தட்டி
நெற்றியோரம், கன்னமேடு,
மூக்குத்தண்டில் சின்னதாய் ஓர் இழுப்பு:
வெயில் விழுந்தால்
முதலில் எங்கே விழுமோ அங்கே.

மீன் ஆலையில் எட்டு மணி நேரமும்
கண்ணுக்குக் கீழே முகமூடி.
"யார் பார்க்கப் போறா?"
ஆர்வித், வாயில் பாதி ரொட்டியோடு.

அவள் கழுத்தோரம் கோடு தெரியாமல்
தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

டப்பியின் நடுவே தூள் தீர்ந்து
தகரம் பளபளக்கிறது,
இன்றைக்கு ஒரு காசு அகலம்.

போன வருஷம்
முழுத் தகரமும் தெரிந்த வாரத்தில்தான்
கடலுக்கு மேலே
அது எட்டிப் பார்த்தது.

அன்றைக்கும்
பூசிக்கொண்டுதான் போனாள்.