அக்டோபர் 27க்கான பக்கங்கள்

தபால் ஆபீஸ் தேதி முத்திரையைச்
சொந்த வேலைக்குத் தொடக்கூடாது.
தொட்டேன். முப்பத்தோரு வருஷம்.
ஆட்டம் நடந்த சனிக்கிழமைகளில்
ஸ்கோர் நோட்டின் மூலையில் ஒரு குத்து.
ஞாயிறென்றால் மறுநாள் காலை
சக்கரத்தை ஒரு பல் பின்னுக்குத் திருப்பிக் குத்திவிட்டு
யாரும் வருமுன் முன்னுக்குத் தள்ளிவிடுவேன்.
பென்ஷன் வருகிறது, இனிச் சொல்லலாம்.

இன்றைக்கு மழை.
வில்பட்டி மைதானம்
கேரட் கழுவுகிற தொட்டி மாதிரிக் கிடக்கிறது.
பண்ணைக்காட்டு அணி
பெருமாள்மலையோடு வேனைத் திருப்பிக்கொண்டதாம்.
சும்மா இருக்கிற கை நோட்டுகளை இழுக்கிறது.
இந்தத் தேதிப் பக்கங்களை மட்டும்.

1979. முத்திரை தலைகீழ்.
மிஷன் பள்ளிச் சமையற்கட்டு ஆட்கள் ஒன்பது பேர்,
ஊர் திரும்பிய வெள்ளைக்கார வாத்தியார்
விட்டுப்போன மட்டை இரண்டு, கையுறை ஆறு.
மீதி மூன்று பேருக்கு
ரொட்டி அடுப்பில் தட்டு இழுக்கும் துணியுறை.
நான்குக்குப் பத்தொன்பது. தோல்வி.
"அடிச்சா ஓடியே ஆகணுமா?" என்று
இரண்டாம் இன்னிங்சில் மாயழகு கேட்டது
ஓரத்தில் இருக்கிறது.
அதற்குக் குறியீடு கிடையாது.

1984. மலைப்பாதையில் மண் சரிவு.
அந்தப்பக்கம் மாட்டிக்கொண்ட வத்தலக்குண்டு அணிக்கு
இந்தப்பக்கத்து அணி
சேற்றில் ஏறி இறங்கிச் சோறு கொண்டுபோனது.
'முடிவு' என்ற கட்டத்தில்
"சாம்பார் போதவில்லை."
என் கையெழுத்துதான்.

1985. மழை.
1990. மழை.

1991.
இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்ட வராது.
ஒன்பதாம் இன்னிங்ஸ். நமக்கு ஆறு, அவர்களுக்கு ஐந்து.
இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில்.
மட்டையில் பட்ட சத்தம் கேட்டது,
அதே நேரம் மேகம் இறங்கியது.
பந்து மேலே போனதைப் பார்த்தோம்.
கீழே வந்ததை யாரும் பார்க்கவில்லை.
ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்,
சென்டர் ஃபீல்டில் தொபியாஸ் நிற்க வேண்டிய இடத்தில்
வெள்ளையாக ஒன்றுமில்லை.
நான் பதினொன்று வரை எண்ணினேன்.
முதலில் கம்பூட்ஸ் தெரிந்தது. பிறகு தொபியாஸ்.
கையுறைக்குள் பந்து.
"பிடிச்சியா?" என்றார் அம்பயர் கனி சார்.
அவன் கையை மட்டும் உயர்த்தினான்.
அவுட்.
பூண்டு லாரியின் மேலேற்றி அவனை ஊருக்குள் கொண்டுபோனார்கள்.
பந்தை என் மேஜையில் வைத்தார்கள்.
தையலில் ஒரு புல் ஒட்டியிருந்தது.
மேகத்துக்குள் எல்லாமே ஈரம், எதுவும் எதிலும் ஒட்டும்.
வெற்றி என்று பேனாவில் எழுதினேன்.
பக்கத்தில், பென்சிலில், சின்னதாக
ஒரு கேள்விக்குறி.

2001. மழை.
ஆனால் அன்றைக்கு கவுன்ட்டரில்
திருப்பூரில் படிக்கும் மகளுக்கு மணியார்டர் கட்ட
நின்றான் தொபியாஸ், முடி பாதி நரைத்து.
தேதியை எழுதியவன் நிமிர்ந்து பார்த்தான்.
பத்து வருஷம் கழித்து, கம்பிக்கு இந்தப்பக்கமிருந்து கேட்டேன்.
"எனக்கும் ஒண்ணும் தெரியலப்பா.
கையை நீட்டினேன். இருந்துச்சு."
"நின்னுக்கிட்டு நீட்டினியா, குனிஞ்சா?"
சில்லறையை இரண்டு தடவை எண்ணினான்.
ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
குடை விரிகிற சத்தம் மட்டும் வாசலில்.

2012லிருந்து முத்திரை இல்லை, பேனாத் தேதிதான்.
2013இல் பெண்கள் அணியின் முதல் ஆட்டம், ஜெயித்தார்கள்.
இரண்டாம் பேஸுக்குச் சறுக்கிய மரியஜூலி
முழங்கால் தோலை அங்கேயே விட்டுவந்தாள்.
2019 தீபாவளி. வந்தவர்கள் ஐந்து பேர்,
அதில் இரண்டு பேர் பட்டாசு வெடிக்க.

கூட்டிப் பார்த்தால்
மழை ஆறு, இன்றையதோடு.
தோல்வி மூன்று. சாம்பார் ஒன்று. தீபாவளி ஒன்று.
வெற்றி மூன்று,
91ஐயும் சேர்த்தால்.

பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது.
ரப்பரும் இருக்கிறது, பென்சிலும் இருக்கிறது,
மேஜை மேலேயே இரண்டும்.
மழை விட்டால் ஓடு சொட்டுகிற இடத்தில் வாளி வைக்கணும்.